சங்குக்குள் செடி வைக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு படம் போட்டிருந்தோம். வாய் அகன்ற ஒரு சங்கு, அதற்குள் மண், மண்ணில் இலைகள் அடுக்கடுக்காக விரிந்த ஒரு குட்டி சக்குலென்ட். படத்தைப் போட்டோமே தவிர செய்முறையைப் போடவில்லை. "ஆசையைக் காட்டிவிட்டு அம்போவென்று விட்டுவிட்டீர்களே" என்று திட்டியும், சந்தேகம் கேட்டும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருப்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

தாம்பரம் வாசகி: ராமேஸ்வரத்தில் வாங்கிய பெரிய சங்கு ஒன்று ஷோகேஸில் தூசி பிடித்துக் கிடக்கிறது. அதில் சக்குலென்ட் வைக்க ஆசை. ஓட்டை போட்டே ஆக வேண்டுமா? உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

போடுங்கள். இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு இது ஒன்றே பதில்.

சக்குலென்ட் வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிற செடி அது. வேர் ஈரத்திலேயே கிடந்தால் காற்று கிடைக்காமல் அழுகும், அழுகல் மெல்ல தண்டுக்கு ஏறும், மேலே இலை பளபளவென்று இருக்கும்போதே அடியில் எல்லாம் முடிந்திருக்கும். மண் தொட்டியில் வைத்தால் தொட்டியின் சுவர் வழியாகவே கொஞ்சம் ஈரம் ஆவியாகிப் போய்விடும். சங்கின் சுவர் அப்படி விடாது, இறுகிப்போன சுவர். அதோடு உள்ளே சுருள் சுருளாகப் போகிறது பாருங்கள், அந்தச் சுருளுக்குள் போன தண்ணீர் எளிதில் திரும்பி வராது.

முதலில் சங்கை எந்த வாட்டத்தில் வைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். வாய் மேலே பார்க்க, ஆடாமல் உட்கார வேண்டும். அப்படியே வைத்து உள்ளே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கடைசியாக எங்கே தேங்கி நிற்கிறதோ, அதற்கு நேர் வெளிப்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி. அங்கேதான் ஓட்டை. கண்ணால் பார்த்து நடுவில் போட்டால் பெரும்பாலும் தப்பான இடத்தில் விழும், ஏனென்றால் சங்கு எப்போதுமே ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்காரும்.

ஹார்டுவேர் கடையில் டைல்ஸ் ஓட்டை போடுகிற டயமண்ட் பிட் என்று கேளுங்கள், 6 மி.மீ. போதும். மரத்துக்குப் போடுகிற பிட் வேண்டாம், அது வழுக்கும், சூடேறும், சங்கு விரிசல் விடும். புள்ளியின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு டப்பாவில் மணல் நிரப்பி அதில் சங்கைப் புதைத்தாற்போல வைத்தால் உருளாது. டிரில்லில் ஹாமர் மோடு (தட்டித் தட்டித் துளைக்கிற முறை) இருந்தால் அணைத்துவிடுங்கள், இது ரொம்ப முக்கியம். வேகத்தைக் குறைத்து, பிட்டை முதலில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஒரு பள்ளம் விழுந்ததும் நிமிர்த்துங்கள். அழுத்தாதீர்கள், அதுவாக இறங்கும். பக்கத்தில் ஒருவர் நின்று பாட்டிலில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் பிட்டும் சூடாகாது, தூளும் பறக்காது. தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் பேட்டரியில் ஓடுகிற டிரில்தான் நல்லது, ஒயர் உள்ளதை எடுத்து ஷாக் வாங்காதீர்கள். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். சங்குத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, கண்ணில் விழுந்தால் இன்னும் மோசம்.

இதெல்லாம் வேண்டாம் என்றால், வீட்டுக்கு டைல்ஸ் ஒட்ட வருகிறவரிடம் கொடுங்கள். அவர்களுக்கு இது சின்ன வேலை, டீ குடிக்கிற நேரத்தில் முடித்துத் தருவார்கள்.

அப்புறம் அந்த உள்சுருள். ஓட்டை போட்ட பிறகும் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாகக் கழுவிக் காய்ந்த பிறகு சுருள் உள்ளே திரும்புகிற இடத்தை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால், செடிக்கு அகலமான வெளி அறை மட்டும் மிஞ்சும். அது போதும்.

ஊதுகிற சங்கு வைத்திருப்பவர்கள் "எங்கள் சங்கில்தான் நுனி வெட்டியிருக்கிறதே, அதுவே ஓட்டைதானே" என்று கேட்டிருக்கிறார்கள். நுனி நேராகக் கீழே பார்க்க நிறுத்தினால் வடியும், ஆனால் அப்படி நிறுத்தினால் வாய் வழியாக மண் கொட்டிவிடும். படுக்க வைத்தால் மண் நிற்கும், தண்ணீர் வடியாது. ஆக அதற்கும் தனியாக ஒரு ஓட்டை தேவை.

ஓட்டை போட மனசே வரவில்லை என்றால் இரண்டு வழி. செடியை அதன் சின்ன பிளாஸ்டிக் தொட்டியோடு சங்கு வாயில் செருகி வைத்து, தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, வடிந்த பிறகு திரும்ப வைப்பது ஒன்று. இல்லையென்றால் ஊசி போடாத சிரிஞ்சில் 10 மில்லி தண்ணீரை எடுத்து வேர்ப்பக்கம் மட்டும் விட்டு, மண் முழுக்கக் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும். நம் வீடுகளில் தண்ணீர் ஊற்றுகிறவர் ஒருவர் மட்டும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

தூத்துக்குடி வாசகர்: மீன்பிடித் துறைமுகம் பக்கம் கிடைத்த சங்கை சோப்பு போட்டு எத்தனை முறை கழுவியும் நாற்றம் போகவில்லை. வீட்டில் சண்டை. என்ன செய்வது?

உள்சுருளின் கடைசியில் சதை ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை. சோப்பு அங்கே போகாது.

பெரிய பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரில் சங்கைப் போட்டு அதோடு சேர்த்தே சூடாக்குங்கள், கொதிக்கிற தண்ணீரில் தூக்கிப் போட்டால் விரிசல் விடும். பத்து நிமிஷம் கொதித்து ஆறிய பிறகு வளைந்த கம்பியால் நோண்டினால் வருகிற வரை வரும். மிச்சத்தை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள், எறும்பும் புழுவும் நம்மைவிட நன்றாகச் சுத்தம் செய்யும். சில வாரம் ஆகும், நாய் தோண்டாத இடமாகப் பாருங்கள். அவசரம் என்றால் மெடிக்கல் ஷாப்பில் விற்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை உள்ளே நிரப்பி ஒரு நாள் விடலாம். பளபளப்பான சோழி வகைகளைக் கொதிக்க வைக்காதீர்கள், மினுமினுப்பு போய்விடும்.

நாற்றம் போனதும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம், உப்பு இருக்கிறது. நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு தினமும் தண்ணீரை மாற்றி, ஒரு வாரம் விடுங்கள். உப்பு மிஞ்சினால் வேர் கருகும்.

ஒரு எச்சரிக்கை. வெளுப்பாக்க ப்ளீச்சிங் பவுடரும், பளபளப்பாக்க வினிகரோ டாய்லெட் கழுவுகிற ஆசிட்டோ போடுகிறவர்கள் உண்டு. ப்ளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும். ஆசிட் தனியாகவும் வேண்டாம், அது அழுக்கை எடுப்பதில்லை, சங்கையே கரைக்கிறது. நுரை பொங்குகிறதே, அது சங்கு கரைகிற நுரை.

காரைக்குடி வாசகி: எங்கள் ஊர் வீடுகளுக்கெல்லாம் கிளிஞ்சல் சுண்ணாம்புதான். சங்கும் சிப்பியும் சுண்ணாம்புதானே, செடி வெந்துபோகாதா?

நல்ல கேள்வி, உங்கள் ஊரில் இருந்து வராமல் வேறெங்கிருந்து வரும்.

சங்கு, சிப்பி, கிளிஞ்சல் எல்லாம் கால்சியம் கார்பனேட். அதைச் சூளையில் போட்டு 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் கரியமில வாயு வெளியேறி சுட்ட சுண்ணாம்பு ஆகிறது, தண்ணீர் தெளித்தால் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது. கையைச் சுடுவது, செடியைச் சுடுவது எல்லாம் அந்த நீற்றுச் சுண்ணாம்பின் வேலை. சுடாத சங்கு தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்கிற அளவுக்குத்தான் கரையும். மண்ணின் காரத்தன்மையைக் கொஞ்சம் கூட்டலாம், சக்குலென்ட் அதைப் பொருட்படுத்தாது. ஓராண்டுக்கு ஒருமுறை மண்ணை மாற்றப் போகிறீர்கள், அதற்குள் ஒன்றும் ஆகாது.

எதிர்ப்பக்கம்தான் கவனம் தேவை. பூச்சிக்கு என்று புளித்த மோர் தெளிக்கிறோம், எலுமிச்சைத் தோலை ஊற வைத்து ஊற்றுகிறோம். செடிக்கு எப்படியோ, புளிப்பு பட்டால் சங்கின் மேற்பரப்பு மங்கிவிடும். சங்குத் தொட்டிக்கு அதெல்லாம் வேண்டாம்.

சென்னை, வேளச்சேரி வாசகி: ஆன்லைனில் எச்சவேரியா வாங்கி அழகாகச் சிப்பியில் வைத்தேன். ஒரு மாதத்தில் இலை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மாதிரி ஆகி விழுந்துவிட்டது. இரண்டாவது முறையும் அப்படியே. என் கை ராசி சரியில்லையா?

கை ராசியைக் குறை சொல்லாதீர்கள், ஊரைச் சொல்லுங்கள்.

எச்சவேரியா என்கிற இந்த ரோஜா வடிவச் சக்குலென்டின் பூர்வீகம் மெக்சிகோவின் மலைப்பகுதி. பகலில் வெயில், இரவில் நல்ல குளிர். சக்குலென்ட் செடிகளில் பலவும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்துதான் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். தண்ணீரை மிச்சம் பிடிக்கிற தந்திரம் அது. அதற்கு இரவு குளிர்ந்தாக வேண்டும். சென்னையில் மே மாத இரவே 28 டிகிரி, புழுக்கம் வேறு. செடி இரவிலும் திறக்க முடியாமல், பகலிலும் திறக்க முடியாமல் திணறும். அந்த நேரத்தில் நாம் "ஐயோ வெயில்" என்று தண்ணீரை ஊற்றுவோம். கண்ணாடி மாதிரி ஆன இலை என்றால் தண்ணீர் அதிகம் என்று பொருள். தண்ணீர் போதாத இலை சுருங்கும், கண்ணாடி ஆகாது.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, பெங்களூர் பக்கம் இருப்பவர்கள் எச்சவேரியா வைக்கட்டும். கடலோரச் சமவெளியில் இருக்கிற நமக்கு வேறு செடிகள் இருக்கின்றன.

சங்குக்கு என் முதல் தேர்வு ஹவோர்த்தியா. சின்னதாகவே இருக்கும், வேர் ஆழம் கேட்காது, நேர் வெயில் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும், பக்கத்தில் கன்று விட்டுக்கொண்டே இருக்கும். வெள்ளைக் கோடு போட்ட வரிக்குதிரை வகை எல்லா நர்சரியிலும் கிடைக்கிறது. காஸ்டீரியாவும் அப்படித்தான், நாக்கு மாதிரி தடித்த இலை, முரட்டுச் செடி. ரோஜா வடிவம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் கிராப்டோபெட்டலம் எடுங்கள், சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு, எச்சவேரியாவுக்கு உறவு, வெயிலை அதைவிட நன்றாகத் தாங்கும். யானைத்தீனிச் செடி என்று தென்னாப்பிரிக்காவில் இருந்து வந்த போர்ட்டுலகேரியா, இங்கே ஜேட் என்ற பெயரிலேயே விற்கிறார்கள், அதைக் கொசுறாக ஓரத்தில் தொங்கவிடலாம். குள்ள வகை சான்சவேரியா ஒன்று கிண்ணம் மாதிரி வளரும், அது சாவதற்கே நேரம் எடுத்துக்கொள்ளும்.

நம் ஊர்ச் செடி எதுவும் இல்லையா என்றால், ஏன் இல்லை? கரட்டுக் காட்டில் பாறை இடுக்கில் வளர்கிற கள்ளிமுளையான் இருக்கிறது, பிரண்டைத் துண்டு இருக்கிறது. பிரண்டை ஓடிவிடும், அடிக்கடி ஒடித்துத் துவையல் அரைத்துக்கொள்ளலாம். கள்ளிமுளையானைக் காட்டில் இருந்து பிடுங்கி வராதீர்கள், வளர்ப்பவர்களிடம் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். டேபிள் ரோஸும் பூப்பூவாக அழகுதான், அதற்கு முழு வெயில் வேண்டும்.

நாகர்கோவில் வாசகர்: அடியில் கூழாங்கல் ஒரு அடுக்கு, அதன் மேல் கடற்கரை மணல், அதன் மேல் மண் என்று போட்டேன். வடிகால் நன்றாக இருக்கும் இல்லையா?

இருக்காது. கூழாங்கல் விஷயத்தில் உலகமே இந்தத் தப்பைச் செய்கிறது. பொடி மண்ணில் இருக்கிற தண்ணீர் கீழே இருக்கிற பெரிய கல்லுக்குள் அவ்வளவு லேசில் இறங்காது. மண் தண்ணீரைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும், மண்ணின் கடைசி அடுக்கு சொதசொதவென்று நிறைந்த பிறகுதான் சொட்ட ஆரம்பிக்கும். அதாவது எப்படியும் அடியில் ஒரு ஈர அடுக்கு இருக்கும், கல்லைப் போட்டு நீங்கள் அந்த ஈரத்தை வேருக்குப் பக்கத்தில் தூக்கிக் கொடுக்கிறீர்கள். ஏற்கெனவே மூன்று விரற்கடை ஆழம்தான் இருக்கிற சங்கில் இது இன்னும் மோசம். ஓட்டையின் மேல் மண் கொட்டாமல் இருக்க ஒரு துண்டு கொசுவலை, அவ்வளவுதான்.

கடற்கரை மணலில் உப்பு. அலசிப் போட்டாலும் அது பொடிப்பொடியானது, இறுகிவிடும். வேண்டாம்.

கலவை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: சொரசொரப்பான பொருள் இரண்டு பங்கு, மண்ணும் மக்கிய இலை உரமும் சேர்த்து ஒரு பங்கு. சொரசொரப்பு என்றால் பெர்லைட், பியூமிஸ் என்று விற்கிற லேசான கல் துண்டுகளில் எது கிடைத்தாலும் சரி, காசு செலவழிக்க மனம் இல்லையென்றால் உடைந்த செங்கல்லைத் தட்டி, தூளைச் சலித்துத் தள்ளிவிட்டு, கொத்தமல்லி விதை அளவுள்ள துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கரித் துண்டு கொஞ்சம் சேர்க்கலாம். கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) மட்டும் போட்டு நர்சரியில் தருகிறார்களே, அதை வேரில் இருந்து உதறிவிட்டு நடுங்கள். அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், முழுக்கக் காய்ந்துவிட்டால் திரும்ப நனையவே மறுக்கும், இரண்டுமே நமக்குத் தொல்லை.

நட்ட அன்றைக்கே தண்ணீர் ஊற்ற வேண்டாம். உதறும்போது அறுந்த வேர்நுனி ஆறட்டும், நான்கைந்து நாள் போகட்டும்.

கும்பகோணம் வாசகி: அபிஷேகத்துக்கு வைத்திருந்த சங்கின் விளிம்பு உடைந்துவிட்டது. அதில் செடி வைக்கலாம் என்றால் மாமியார் கூடவே கூடாது என்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.

மாமியார் மருமகள் விவகாரத்தில் தோட்டக்காரியை இழுக்கிறீர்களே! கார்த்திகை சோமவாரத்தில் 108, 1008 என்று அடுக்கி சங்காபிஷேகம் பார்த்து வளர்ந்த ஊர் உங்களுடையது, அவருக்கு மனசு ஒப்பாததில் ஆச்சரியம் இல்லை. பூஜையில் இருந்த சங்கை அவர் விருப்பப்படியே ஆற்றிலோ கோயிலிலோ சேர்த்துவிடுங்கள். செடிக்கு வேறு சங்கு கிடைக்காதா என்ன. பூஜைக்கு வராத புதுச் சங்கில் செடி வைப்பதற்கு அவரும் ஒன்றும் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன், சொன்னால் எனக்கு எழுதாதீர்கள்.

ராமநாதபுரம் கல்லூரி மாணவர்: இந்தச் சங்குத் தொட்டிகளைச் செய்து கண்காட்சிகளில் விற்கலாம் என்று நண்பர்கள் சேர்ந்து யோசிக்கிறோம். கடற்கரையிலும் தீவுப்பக்கமும் பொறுக்கினால் முதலீடே இல்லை. சட்டச் சிக்கல் வருமா?

வரும் தம்பி, கவனமாக இருங்கள்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 இல் இருந்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பொறுக்குவது என்ற பேச்சே கிடையாது, காலியாகக் கிடக்கிற சங்கானாலும் சரி.

அடுத்தது எந்தச் சங்கு என்பது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001 இல் சில சங்கு சிப்பி வகைகளையும் சேர்த்தார்கள். 2022 திருத்தத்தில் பட்டியல்களையே மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். கொம்பு வைத்த பெரிய ஹெல்மெட் சங்கு, ட்ரைட்டன் எனப்படும் நீண்ட எக்காளச் சங்கு, நாட்டிலஸ், மடிப்பு மடிப்பாக இருக்கிற ராட்சதச் சிப்பியில் இரண்டு வகை, இவையெல்லாம் புலியைப் போலவே முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. அவற்றை எடுத்து விற்கிற குற்றத்துக்கு மூன்றில் இருந்து ஏழு ஆண்டு வரை சிறை. விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கிற சிலந்திச் சங்குக் குடும்பத்தில் பல வகை பாதுகாக்கப்பட்டவை, பார்த்துப் பிரித்தறிவது எளிதல்ல, அதனால் அந்தக் குடும்பத்தையே தொடாமல் விடுவது நல்லது. பவளத்துண்டை அலங்காரத்துக்கு வைக்கிற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், கல் பவளங்கள் எல்லாமே முதல் பட்டியல்தான். கடைத்தெருவில் வெளிப்படையாக விற்கிறார்களே என்று கேட்பீர்கள். விற்கிறார்கள், வனத்துறை பறிமுதலும் செய்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கடையில் பளிச்சென்று, ஒரு கீறல் இல்லாமல் இருக்கிற சங்கு பெரும்பாலும் கரையில் பொறுக்கியது அல்ல, உயிரோடு எடுத்து உள்ளே இருந்ததைக் கொன்று சுத்தம் செய்தது. கரை ஒதுங்கிய சங்குக்கு அலை உரசிய தழும்பு இருக்கும், நிறம் மங்கியிருக்கும். அதையும் துறவி நண்டு வீடாக வைத்துக்கொள்ளும். குனிந்து எடுக்கும்போது உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் செய்து விற்கிற தொழிலுக்குக் கரையை நம்புவது எனக்குப் பிடிக்கவில்லை.

வேறு வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. வெண்சங்கை வங்காளத்து வளையலுக்காகத் தலைமுறை தலைமுறையாக முக்குளித்து எடுக்கிற பகுதி உங்களுடையது, சங்கு வேலை செய்கிற பட்டறைகளில் விரிசல் விட்டதும் புழு துளைத்ததும் ஒதுக்கிக் கிடக்கும். புழு துளைத்த சங்கு நகைக்கு ஆகாது, செடிக்கு அருமையாக ஆகும், சில நேரம் ஓட்டைகூட இலவசமாகவே இருக்கும். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கடல் உணவு ஹோட்டல்களில் சிப்பி ஓடுகளை வாளி வாளியாகக் கொட்டுகிறார்கள், கேட்டால் தருவார்கள். என்ன வகைச் சங்கு, எங்கே வாங்கியது என்று ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கூடவே வைத்து விற்றால் வாங்குகிறவருக்கும் நம்பிக்கை. தொடங்கும் முன் மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் இப்போதைய பட்டியலைக் கேட்டு வாங்கி ஒருமுறை படித்துவிடுங்கள்.

சிங்கப்பூர் வாசகி: ஊரில் செய்து தந்த சங்குத் தொட்டியைச் செடியோடு விமானத்தில் எடுத்து வரலாமா?

செடியும் மண்ணும் வேண்டாம், அங்கே இறங்கியதும் தாவரச் சோதனையில் கேள்வி வரும். வெறும் சங்கை எடுத்துப் போங்கள், செடியை அங்கேயே வாங்குங்கள். சங்கிலும் நாட்டிலஸும் ராட்சதச் சிப்பியும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பவை, அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

திருச்சி வாசகர்: சங்கின் வாயோரம் வெள்ளையாகப் பூத்துப்போகிறது. பூஞ்சையா?

போர் தண்ணீரின் உப்பு. விரலால் தேய்த்தால் பொடியாக வந்தால் உப்பு, பஞ்சு பஞ்சாக இருந்தால்தான் பூஞ்சை அல்லது மாவுப்பூச்சி. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், வினிகர் வேண்டாம், மேலே சொல்லியாகிவிட்டது. இனிமேல் மழைநீரோ, ஏ.சி.யில் இருந்து சொட்டுகிற தண்ணீரோ ஊற்றுங்கள், இந்தச் சின்னத் தொட்டிக்கு அது ஏராளம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை ஊற்றாதீர்கள், போர் தண்ணீரைவிட அதில்தான் உப்பு அதிகம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்று பத்துப் பேராவது கேட்டிருக்கிறார்கள். நாள் கணக்கு கிடையாது. ஒரு குச்சியை அடிவரை செருகி எடுத்துப் பாருங்கள், மண் ஒட்டாமல் வந்தால் ஊற்றுங்கள், அப்போது ஓட்டை வழியாக வடிகிற அளவுக்குத் தாராளமாக ஊற்றுங்கள். ஐப்பசி கார்த்திகையில் கூரைக்கு அடியில் வைத்து மறந்துவிடுங்கள்.

புதுச்சேரி வாசகி: சங்கு உருண்டுகொண்டே இருக்கிறது. எதை வைத்து ஒட்டுவது?

கீழே மூன்று சின்னச் சிப்பிகளைக் கால் மாதிரி அரால்டைட்டால் ஒட்டி, முழு ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். மூன்று கால்தான், நான்கு வைத்தால் ஆடும். ஃபெவிக்விக் அப்போதைக்குப் பிடிக்கும், ஈரத்தில் போகப் போக விட்டுவிடும். ஒட்டுகிற இரண்டு இடத்தையும் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள். ஓட்டையை மறைத்து ஒட்டிவிடாதீர்கள், சிரிக்காதீர்கள், நடக்கிறது. ஒட்டவே வேண்டாம் என்றால் ஒரு வளையலின் மேல் வைத்தாலே உட்காரும். மேல்பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள், சிக்கு வாடை வந்து எறும்பு ஏறும். வெளிப்பக்கம் மட்டும் நிறமில்லாத வார்னிஷ் ஒரு கோட்டிங் போதும்.

மதுரை வாசகி: எங்கள் ஃபிளாட்டில் பால்கனியே இல்லை, டியூப்லைட் வெளிச்சம்தான். வைக்கலாமா?

வேண்டாம். சங்கை மட்டும் வையுங்கள்.

குளச்சல் வாசகி: பெரிய சங்கெல்லாம் எங்களிடம் இல்லை, சாப்பிட்டுப் போடுகிற சிப்பி ஓடுதான் நிறைய. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, அவர்களை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

அதுதான் எல்லாவற்றிலும் சுலபம். சிப்பி ஓட்டில் சுருள் கிடையாது, ஆழம் கிடையாது, தண்ணீர் தேங்கினாலும் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் ஓட்டைகூடக் கட்டாயம் இல்லை. சிப்பி ஓடுகளைக் கொதிக்க வைத்து, ஊறப்போட்டு, வெயிலில் காய வைத்துக் கொடுங்கள். விளிம்பு கையைக் கிழிக்கும், அதைக் கல்லில் உரசி மழுக்கும் வேலையைப் பெரியவர்கள் செய்ய வேண்டும்.

செடிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். யார் வீட்டிலாவது கிராப்டோபெட்டலம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு மூன்று இலை வாங்கிக் கொடுங்கள். காம்பு முழுசாக, பிய்ந்துபோகாமல் இடவலமாக அசைத்துக் கழற்ற வேண்டும், பாதியில் பிய்ந்த இலை முளைக்காது. நிழலில் இரண்டு மூன்று நாள் போட்டுக் காயம் ஆறியதும், ஓட்டில் பரப்பிய மண்கலவையின் மேல் சும்மா வைத்தால் போதும், புதைக்கக் கூடாது. சில வாரத்தில் இளஞ்சிவப்பு நூல் மாதிரி வேர் வரும், அதன் பக்கத்திலேயே கடுகு அளவில் குட்டிச் செடி வரும். வேர் தெரிந்த பிறகு தண்ணீரைத் தெளிக்கலாம், அதுவரை தெளிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தினமும் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள், அதனால் ஆளுக்கு ஒரு இலை மட்டும் கொடுக்காதீர்கள். தாய் இலை சுருங்கிக் காகிதமாக ஆகும்போது "செத்துவிட்டது" என்று அழுகை வரும், தானாக உதிரும் வரை அதைப் பிய்க்க விடாதீர்கள், குட்டி அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

ரூபாய் நாணய அளவுக்கு வளர்ந்ததும் ஒரு ஓட்டுக்கு ஒரு செடி என்று பிரித்து வையுங்கள். ஒரே ஓட்டில் நான்கைந்தை நெருக்கி நட்டால் படத்துக்கு நன்றாக இருக்கும், இரண்டு மாதத்தில் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நீண்டு கோணலாகிவிடும்.

(மாவுப்பூச்சி பற்றி மட்டும் ஏராளமான கடிதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். அதுவரை மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு எடுத்துக்கொண்டிருங்கள். பாதிக்கப்பட்ட செடியை மற்ற செடிகளில் இருந்து தள்ளி வையுங்கள்.)